இரண்டாயிரத்து நூறு பாகம்

போன மாதம் ஒரு வாசகர், “உலகத்தின் உச்சியில் என்ன இருக்கிறது?” என்று கேட்டிருந்தார். “பனி, அதன் கீழே நாலு கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர், அதன் கீழே சேறு” என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவள் நான். அப்பா தூத்துக்குடியில் வள்ளத்தில் கடலுக்குப் போனவர். கடலின் ஆழத்தைப் பற்றி யார் கேட்டாலும் எனக்குச் சொல்ல ஆசைதான். அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதும் அந்த ஒரு கடலுக்கே, வட துருவத்து ஆர்க்டிக் பெருங்கடலுக்கே.

*

டீச்சர், வட துருவத்தில் பனியைத் தோண்டினால் கீழே நிலம் வருமா? அண்டார்டிகாவில் வரும் என்று எங்கள் புத்தகத்தில் இருக்கிறது.
— ஏழாம் வகுப்பு மாணவி, தென்காசி

வராது, கண்ணு. உன் புத்தகம் சொல்வது சரி. தென் துருவம் ஒரு கண்டத்தின் மேல் இருக்கிறது. வட துருவம் ஒரு கடலின் மேல் இருக்கிறது. அங்கே பனியைத் தோண்டினால் இரண்டு மூன்று மீட்டரிலேயே கடல் நீர் வந்துவிடும். அதற்குக் கீழே 4,200 மீட்டருக்கும் மேல் தண்ணீர்தான். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதை அப்படியே பெயர்த்து அந்தக் கடலடியில் வைத்தால், உச்சிக்கு மேல் இன்னும் சுமார் 1,600 மீட்டர் தண்ணீர் நிற்கும்.

ஆர்க்டிக் பெருங்கடல் முழுவதும் இவ்வளவு ஆழம் என்று நினைத்துவிடாதே. அதன் பரப்பில் பாதிக்கு மேல் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழமில்லாத பகுதி. சைபீரியாவை ஒட்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்படியே ஆழமில்லாமல் கிடக்கும். நடுவில்தான் திடீரென்று பள்ளம். அந்தப் பள்ளத்தை இரண்டு அறைகள் உள்ள வீடு என்று வைத்துக்கொள். நடுவே நிற்கும் பெரிய சுவர் லொமொனோசோவ் மலைத்தொடர். கிரீன்லாந்துப் பக்கத்திலிருந்து சைபீரியாப் பக்கம் வரை சுமார் 1,800 கிலோமீட்டர் நீளம், கடலடியிலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் உயரம். 1948-ல் சோவியத் ஆய்வாளர்கள் பனியின் மேல் நின்று ஆழம் அளக்கும்போதுதான் இப்படி ஒரு மலை இருப்பதே தெரிய வந்தது. சுவரின் அமெரிக்கப் பக்கத்து அறையில் கனடா படுகையும் மகாரோவ் படுகையும் இருக்கின்றன. படுகை என்றால் கடலடிப் பள்ளம். ஐரோப்பாப் பக்கத்து அறைக்குள் காக்கெல் மலைத்தொடர் என்று ஒரு குட்டைச் சுவர். அதற்கு இந்தப் பக்கம் நான்சென் படுகை, அந்தப் பக்கம் அமுண்ட்சென் படுகை. வட துருவம் என்ற புள்ளி அமுண்ட்சென் படுகையின் மேல் விழுகிறது.

இந்த அறை இன்னும் அகலமாகிக்கொண்டிருக்கிறது. காக்கெல் தொடரின் நடுவில் பூமியின் தோல் பிளந்து இரண்டு பக்கமும் விலகுகிறது, வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில். உன் விரல் நகம்கூட அதைவிட வேகமாக வளரும். உலகத்தின் கடலடிப் பிளவுகளில் இவ்வளவு மெதுவாக விலகுவது வேறு இல்லை. ஆனாலும் ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் விலகியதில்தான் அந்த இரண்டு படுகைகளும் உண்டாயின.

*

நானும் ஈயக்குண்டு போட்டு ஆழம் பார்த்தவன்தான். நாலு கிலோமீட்டருக்குக் கயிறு ஏது? எந்தக் கப்பலில் அவ்வளவு கயிறு ஏற்றிப் போவார்கள்? கருவி வைத்து அளந்ததைத்தானே சொல்கிறீர்கள்?
— 62 வயது மீனவர், பாம்பன்

அண்ணே, முதலில் அளந்தது கயிற்றில்தான். நீங்கள் சந்தேகப்பட்டதும் சரிதான். அவ்வளவு கயிறு கப்பலில் இல்லை. இல்லாத கயிற்றை எப்படி உண்டாக்கினார்கள் என்பதை விரிவாகச் சொல்கிறேன். இந்தக் கடலைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு கையையும் முழுதாக விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. அப்பாவிடம் நாற்பது பாகக் கயிறு ஒன்று இருந்தது. பாகத்துக்கு ஒரு முடிச்சு, ஐந்து பாகத்துக்கு ஒரு சிவப்புத் துணி. நான் கடலுக்குப் போனதில்லை. ஆனால் அந்த முடிச்சுகள் நான் போட்டவை. திண்ணையில் அப்பா கையை விரித்து நிற்பார், நான் அவர் விரல் நுனியில் முடிச்சுப் போடுவேன். ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் சோப்புத் துண்டை அழுத்திவிட்டுக் குண்டை இறக்குவார். கயிறு தொய்ந்தால் தரை தட்டிவிட்டது என்று அர்த்தம். மேலே இழுத்து, சோப்பில் ஒட்டியிருப்பது மணலா, சேறா, பாறையில் உரசிய கீறலா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். மோந்தும் பார்ப்பார். வள்ளம் எங்கே நிற்கிறது என்பதை அதில் சொல்லிவிடுவார்.

இனி நார்வேக்காரர் ஃபிரிட்யோஃப் நான்சென் கதைக்கு வருகிறேன். 1881-ல் ஜீனெட் என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று வருஷம் கழித்து அதன் பொருட்கள் சில, கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் பனிக்கட்டியோடு வந்து ஒதுங்கின. அப்படியென்றால் துருவத்தை ஒட்டி பனியே ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நகர்ந்து வருகிறது. ஒரு கப்பலை வேண்டுமென்றே பனியில் சிக்கவைத்தால் அது தானாகவே துருவக் கடலைக் கடந்துவிடும் என்று நான்சென் கணக்குப் போட்டார். காலின் ஆர்ச்சர் என்ற கப்பல் கட்டுநர் அதற்கென்றே ஒரு மரக்கப்பல் கட்டிக்கொடுத்தார். பனி நெருக்கினால் நசுங்காமல் வழுக்கி மேலே எழும்பும்படி உருண்டையான அடிவயிறு. பெயர் ஃபிராம். நார்வே மொழியில் ‘முன்னே’ என்று அர்த்தம். 1893 ஜூனில் கிளம்பிய கப்பல் அந்த செப்டம்பரில் பனியில் உறைந்தது. உள்ளே 13 பேர்.

துருவக் கடல் ஆழமில்லாதது என்றே அப்போது பலரும் நினைத்தார்கள். நான்செனும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஜீனெட் நகர்ந்துபோன வழியெல்லாம் எண்பது பாகத்துக்குள்தான் ஆழம். அந்த நம்பிக்கையில் நீளமான ஆழக்கயிறு எடுத்துப்போகவில்லை. 1893 டிசம்பரில் ஒருநாள் இருந்ததை எல்லாம் இறக்கிப் பார்த்தார்கள். 2,100 மீட்டர் விட்டும் தரை தட்டவில்லை. அந்த இருட்டில், நீங்கள் அந்தப் பனியின் ஓரத்தில் நிற்பதாக நினைத்துப் பாருங்கள், அண்ணே. கயிறு முடிந்துவிட்டது, குண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கடை கண்ணி இல்லாத இடம். திரும்பிப் போய் வாங்கிவரவும் முடியாது. கப்பலில் இருந்த எஃகு வடம் ஒன்றை எடுத்தார்கள். அதன் புரிகளைப் பிரித்து, இழைகளை மறுபடி மெல்லியதாக முறுக்கி, ஒன்றோடு ஒன்று இணைத்தார்கள். கடுங்குளிரில், கையால். அப்படி நாலாயிரத்திலிருந்து ஐயாயிரம் மீட்டர் வரை எட்டக்கூடிய ஒரு கம்பிக் கயிறு தயாரானது. அதைத்தான் இறக்கினார்கள். 3,300 மீட்டருக்கும் 3,900 மீட்டருக்கும் இடையில் குண்டு தரை தட்டியது. நம் கணக்கில் 2,100 பாகம் வரை. துருவத்தைச் சுற்றி இருப்பது ஆழமில்லாத கடல் என்று வரைந்து வைத்திருந்த படங்கள் அத்தனையும் தவறு என்று அந்தக் கம்பி காட்டியது.

நாய்வண்டி கட்டிக்கொண்டு 86 டிகிரி 14 நிமிட அட்சரேகை வரை நடந்துபோன வீரராகத்தான் நான்செனைப் பாடப் புத்தகங்கள் காட்டுகின்றன. அதுவும் பெரிய காரியம். ஆனால் அவரிடம் என்னைத் தொட்டது வேறு. தான் போட்ட கணக்கு தப்பு என்று தெரிந்ததும் அதைத் தன் புத்தகத்தில் மறைக்காமல் எழுதினார். எழுதியதோடு விடாமல், இருக்கும் வடத்தைப் பிரித்துக் கயிறு திரித்து, தரை தட்டும்வரை இறக்கினார். இன்றைக்கு அந்தப் படுகைகளில் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. முழுத் தகுதியோடு பெற்ற பெயர்.

அவருக்குப் பின்னால் இரண்டு கயிறுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1909 ஏப்ரலில் அமெரிக்கர் ராபர்ட் பியரி, துருவத்தை நெருங்கிவிட்டதாகத் தான் குறித்த இடத்தில் 1,500 பாகம் கம்பி விட்டார். தரை தட்டவில்லை. மேலே இழுக்கும்போது கம்பி அறுந்து, குண்டும் போய்விட்டது. 1937 மே மாதம் சோவியத் நாட்டைச் சேர்ந்த நாலு பேர், பப்பானின் என்பவர் தலைமையில், விமானத்தில் துருவத்தருகே பனிமேல் இறங்கிக் கூடாரம் போட்டார்கள். கூட வெசியோலி என்று ஒரு நாய். கையால் சுற்றும் உருளையில் கம்பியை இறக்கி 4,290 மீட்டரில் தரை தொட்டார்கள். அந்தக் கம்பி முழுவதையும் திரும்ப மேலே சுற்றியதும் கையால்தான். கடலடிச் சேறும் கூட வந்தது. பனி அவர்களை 274 நாள் நகர்த்திக்கொண்டே போய் கிரீன்லாந்துக் கரைப்பக்கம் சேர்த்தது. கப்பல் வந்து அழைத்துப்போனது 1938 பிப்ரவரியில்.

ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் எதிரொலிக் கருவி அங்கே பெரிய அளவில் வேலை செய்தது இதற்கு அப்புறம்தான், அண்ணே. இப்போதும்கூட அந்தக் கடலடியின் பெரும்பகுதிக்கு மேல் கருவி பொருத்திய கப்பல் ஒருமுறைகூடப் போனதில்லை. பனி விடுவதில்லை.

*

மேலே பனிக்கட்டி என்றால் கீழே இன்னும் குளிராகத்தானே இருக்கும்? அடிவரை ஏன் உறைந்துபோகவில்லை?
— இல்லத்தரசி, மதுரை

நல்ல கேள்வி, அம்மா. நான்சென் காலத்தில் அறிஞர்களையே திகைக்க வைத்த கேள்வி.

உப்புத் தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது. கடல் நீருக்கு −1.8 டிகிரி அளவில் குளிர் வேண்டும். அந்தக் குளிர் காற்றிலிருந்து வருகிறது, அதனால் மேற்பரப்புதான் உறைகிறது. ஃபிராம் கப்பலில் இருந்தவர்கள் வெப்பமானியைக் கீழே இறக்கிப் பார்த்தபோது, மேலே பூஜ்யத்துக்குக் கீழே இருந்த நீர், 200 மீட்டருக்கு அப்பால் பூஜ்யத்துக்கு மேலே ஏறியிருந்தது. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீர் நார்வேயைத் தாண்டி உள்ளே நுழைந்து, கீழ்த்தளத்தில் படுகைகளைச் சுற்றி வருகிறது என்று நான்சென் கண்டுகொண்டார். ஓப், யெனிசே, லேனா என்று மூன்று பெரிய சைபீரிய ஆறுகளும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. உப்புக் குறைந்த அந்த நீர் லேசு, அது மேலே நிற்கும். உப்புக் கூடிய அட்லாண்டிக் நீர் கனம், அது சூடாக இருந்தாலும் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு படலம் மாதிரி உப்பு மாறும் அடுக்கு இருக்கிறது. அது கீழே இருக்கும் சூடு பனியைத் தொடாமல் தடுத்து வைக்கிறது.

அதற்கும் கீழே, படுகையின் அடியில், நீர் மறுபடி பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போகிறது. ஆனால் உறையும் அளவுக்கு இல்லை. அந்த அடிநீர் ஒருமுறை மேலே வந்து காற்றைத் தொட்டுப் பல நூறு வருஷம் ஆகியிருக்கும்.

நான் கவலைப்படுவது அந்த நடு அடுக்கைப் பற்றித்தான். நான்சென் படுகையின் கிழக்குப் பகுதியில் அது மெலிந்து வருகிறது. குளிர்காலத்தில் அட்லாண்டிக் சூடு மேலே வரை கலந்து, பனியை அடியிலிருந்து அரிக்கிறது. பத்துப் பதினைந்து வருஷமாக மிதவைக் கருவிகளும் கடலடியில் நங்கூரமிட்ட கருவிகளும் இதைப் பதிவு செய்துவருகின்றன. சூரியன் மேலே இருந்து உருக்குவதைப் பற்றி மட்டும் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. கீழே இருந்து உருகுவதையும் எழுத வேண்டும்.

*

நாங்கள் தார்ப்பாய்க் குழியில் வளர்த்து மாட்டுக்குப் போடும் அசோலா வட துருவத்தில் கிடைத்ததாக என் மகன் சொல்கிறான். நம்பலாமா?
— விவசாயி, மன்னார்குடி

தாராளமாக நம்பலாம். உங்கள் மகனிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள்.

2004-ல் மூன்று கப்பல்கள் சேர்ந்து துருவத்திலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தூரத்துக்குப் போயின. இரண்டு கப்பல்கள் பனியை உடைத்துக்கொண்டே இருக்க, நடுவில் மூன்றாவது கப்பல் அசையாமல் நின்று லொமொனோசோவ் மலைத்தொடரின் முதுகில் துளை போட்டது. கடலடிக்குக் கீழே 428 மீட்டர். படுகையில் போடாமல் மலை முதுகில் ஏன் போட்டார்கள் என்றால், பள்ளத்தில் எல்லாப் பக்கத்துச் சேறும் சரிந்து வந்து குழம்பிக் கிடக்கும். மேட்டில் மேலிருந்து மெல்ல விழுந்தது மட்டும் வருஷ வரிசையில் படியும்.

அந்த வரிசையில் சுமார் 4 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் அசோலாவின் வித்துத்தூள்கள் (ஸ்போர்கள்) கொத்துக்கொத்தாக வந்தன. உங்கள் குழியில் இருக்கும் அதே பேரினம். அசோலா உப்புத் தண்ணீரில் வாழாது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது ஆர்க்டிக் ஏறக்குறைய முழுதும் நிலத்தால் அடைபட்ட கடல். ஆறுகள் கொட்டிய நல்ல தண்ணீர் மேலே ஒரு தளமாக மிதந்தது, அதில் இது படர்ந்தது. அப்படி மாறி மாறிப் படர்ந்தது சுமார் எட்டு லட்சம் ஆண்டுகள். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொடுக்கும் நீலப்பச்சைப் பாசி அதன் இலைக்குள்ளேயே குடியிருப்பதால்தான் உங்கள் வயலில் உரம் மிச்சமாகிறது. அங்கேயும் அதே கூட்டுதான். செத்த செடி அடியில் போய்ப் புதைந்தபோது காற்றிலிருந்த கரியமில வாயுவில் ஒரு பகுதியையும் கூட்டிக்கொண்டு போனது. பூமி குளிரத் தொடங்கியதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

அதற்கும் முன்னே, ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், அங்கே மேற்பரப்பு நீர் 20 டிகிரிக்கு மேல் சூடாக இருந்ததையும் அதே துளை காட்டியது. பொங்கல் சமயத்து ஊட்டியைவிட அது நிச்சயம் வெதுவெதுப்பு.

*

அவ்வளவு ஆழத்தில், அவ்வளவு இருட்டில் உயிர் இருக்கிறதா?
— விலங்கியல் மாணவி, கோயம்புத்தூர்

இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் நாம் கடலட்டை என்று சொல்லும் பிராணி உனக்குத் தெரியும். 2001-லிருந்து நம் நாட்டில் அதைப் பிடிக்கத் தடை. அதன் உறவினம் ஒன்று துருவக் கடலின் அடியிலும் ஊர்கிறது.

2012 கோடையில் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் அந்தப் படுகைகளுக்கு மேல் போனது. அந்த செப்டம்பரில் பனி அதுவரை பதிவான எல்லா வருஷங்களையும்விடக் குறைந்து, 34 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆன்ட்யே போயிட்டியுஸ் என்ற கடல் உயிரியலாளர் தலைமையில் கடலடிக்குக் கேமரா இறக்கினார்கள். 4,000 மீட்டர் ஆழத்தில், வெறும் சேறாக இருக்க வேண்டிய தரையில், பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக ஏதோ கிடந்தது. சில இடங்களில் தரையில் பத்தில் ஒரு பங்கு வரை. மெலோசிரா என்ற பாசி. பனியின் அடிப்பக்கத்தில் சடைசடையாகத் தொங்கி வளரும். பனி உருகியதும் பிடி விட்டு, நாலு கிலோமீட்டர் கீழே மூழ்கியிருந்தது. அதைச் சுற்றிக் கடலட்டைகள் கூடி மேய்ந்துகொண்டிருந்தன. மேலே நடக்கும் மாற்றம் ஒரே கோடையில் அடிவரை எட்டும் என்று அதற்கு முன் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

இன்னொன்று. காக்கெல் தொடரை ஒட்டி, அணைந்துபோன கடலடி எரிமலைகளின் உச்சிகள் உண்டு. 2016-ல் அதே கப்பல் அங்கே கடற்பஞ்சுத் தோட்டத்தைப் பார்த்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் பஞ்சுகள், சராசரி வயது 300 வருஷம். தின்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் எப்படி வாழ்கின்றன? எரிமலை உயிரோடிருந்த காலத்தில் அங்கே வாழ்ந்து மடிந்த குழாய்ப்புழுக்களின் கூடுகள் குவிந்து கிடக்கின்றன. தங்கள் உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் உதவியோடு ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழைய மிச்சத்தை அந்தப் பஞ்சுகள் தின்கின்றன. 2022-ல் இது வெளியானபோது நான் பணி ஓய்வு பெற்றிருந்தேன். சொல்வதற்கு ஒரு வகுப்பு இல்லையே என்று அன்றைக்கு மிகவும் ஏங்கினேன். இப்போது உனக்குச் சொல்லிவிட்டேன்.

*

துருவத்துக் கடலடியில் ரஷ்யா கொடி நட்டதே, அது அவர்கள் இடமாகிவிட்டதா?
— போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், விழுப்புரம்

இல்லை. 2007 ஆகஸ்ட் 2-ம் தேதி மிர்-1, மிர்-2 என்ற இரண்டு நீர்மூழ்கிகளில், ஒன்றுக்கு மூன்று பேராக ஆறு பேர் இறங்கினார்கள். மிர்-1 தரை தொட்ட ஆழம் 4,261 மீட்டர். டைட்டானியத்தால் செய்த கொடியை நட்டார்கள். சட்டப்படி அதற்கு எந்த மதிப்பும் இல்லை. ஐ.நா. கடல் சட்டப்படி ஒரு நாடு, தன் கண்டத்திட்டு கடலுக்கடியில் எதுவரை தொடர்கிறது என்பதைப் பாறைச் சான்றோடு நிரூபிக்க வேண்டும். லொமொனோசோவ் தொடர் எங்கள் நிலத்தின் நீட்சி என்று ரஷ்யா, கிரீன்லாந்துக்காக டென்மார்க், கனடா மூன்றும் விண்ணப்பித்திருக்கின்றன. தேர்வில் கேட்டால் இந்த மூன்றையும் எழுதுங்கள்.

கொடியைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த ஆறு பேர் மேலே வந்த விதம். பனி நகர்ந்துகொண்டே இருக்கும். இறங்கிய துவாரம் மேலே வரும்போது அதே இடத்தில் இருக்காது. நாலு கிலோமீட்டர் கீழிருந்து அந்தச் சின்னத் திறப்பைத் தேடிக் கண்டுபிடித்து வெளியே வந்தார்கள்.

*

பனி உருகினால் அங்கே மீன்பிடிக்கப் போவார்களா?
— மீன் வியாபாரி, நாகப்பட்டினம்

இப்போதைக்கு முடியாது. யாருக்கும் சொந்தமில்லாத அந்த நடுக்கடல் சுமார் 28 லட்சம் சதுர கிலோமீட்டர். அங்கே வணிக மீன்பிடிப்பு வேண்டாம் என்று ஒன்பது நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் 2018-ல் கையெழுத்திட்டன. 2021 ஜூனில் ஒப்பந்தம் நடப்புக்கு வந்தது. முதலில் 16 வருஷத்துக்கு. வலை விழுவதற்கு முன்பே ஒரு கடலைக் காப்பாற்ற ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். நம் கரையில் அப்படி முன்னால் யோசித்திருந்தால் எவ்வளவோ மீன் மிஞ்சியிருக்கும்.

*

இந்தியாவுக்கும் அந்தக் கடலுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?
— வங்கி ஊழியர், சென்னை

உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும், கோவாவில் உள்ள துருவ ஆய்வு மையமும் சேர்ந்து 2014 ஜூலையில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், காங்ஸ்ஃபியோர்டன் என்ற ஃபியோர்டில் (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் கடல்) ‘இண்டார்க்’ என்ற கருவித் தொகுதியை நங்கூரமிட்டன. ஆழம் 192 மீட்டர். அமுண்ட்சென் படுகையோடு ஒப்பிட்டால் இது கரையோரம்தான். ஆனால் நான்சென் கண்டாரே, அந்த அட்லாண்டிக் வெதுவெதுப்பு நீர், அது அந்த ஃபியோர்டுக்குள் வந்து போவதை வெப்பமும் உப்பும் அளந்து சொல்கிறது. பக்கத்திலேயே ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்குகிறது.

*

டீச்சர், நானும் புவியியல் ஆசிரியைதான். நாலாயிரம் மீட்டர் என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகளுக்கு அது வெறும் எண்ணாகத்தான் இருக்கிறது. எப்படிப் புரியவைப்பது?
— அரசுப் பள்ளி ஆசிரியை, தேனி

நான் வருஷா வருஷம் செய்ததைச் சொல்கிறேன். செலவு ஒரு கயிறுதான்.

43 மீட்டர் கயிறு வாங்குங்கள். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு. விளையாட்டு மைதானத்தில் நேராக விரியுங்கள். ஒரு முனை கடல் மட்டம், 42 மீட்டர் 61 சென்டிமீட்டரில் மறு முனை, அதுதான் மிர்-1 தொட்ட தரை. இப்போது மேல்முனையிலிருந்து பிள்ளைகளை நடக்க விடுங்கள். 73 சென்டிமீட்டரில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். அங்கே என் அப்பாவின் நாற்பது பாகக் கயிறு முடிந்துவிடும். ஒரு எட்டுகூட வைத்திருக்க மாட்டார்கள். இரண்டு மீட்டரில் அடுத்த துணி, அதற்குக் கீழே வெயில் இல்லை, நான்சென் கண்ட வெதுவெதுப்பு நீர் தொடங்கும் இடமும் அதுதான். 21 மீட்டரில் ஃபிராமின் முதல் கயிறு தீர்ந்துபோன இடம். 27 மீட்டர் 43-ல் பியரியின் கம்பி தீர்ந்தது. அந்த இரண்டு இடத்திலும் ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லுங்கள், மீதிக் கயிறு எவ்வளவு தூரம் கிடக்கிறது என்று பார்க்கட்டும். பிறகு கடைசிவரை நடந்துபோய், அடியிலிருந்து திரும்பி மேல்முனையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

துருவத்தில் மனிதர்கள் நிற்கிற பனியையும் காட்ட மறக்காதீர்கள். அது இரண்டு மீட்டர் கனம்தான். கயிற்றின் மேல்முனையில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெள்ளைத் துணி சுற்ற வேண்டும். அதை மட்டும் வகுப்பிலேயே சின்னப் பிள்ளையின் கையில் கொடுங்கள், அது சுற்றட்டும்.